தார்ப்பாய் கட்டும் முறை: மழைக்காலத்தில் நெல் வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் படகுகளுக்கும் பாதுகாப்பு

காவேரிப் பாசனப் பிரதேசத்தில் குறுவை அறுவடை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நடைபெறுகின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். களத்திலிருந்து டிரெய்லரில் ஏற்றப்பட்ட நெல், கொள்முதல் நிலையத்தின் வாசலில் முறை வரும்வரை ஓரிரவோ ஈரிரவோ, சில சமயம் அதற்கு மேலுமோ வெட்டவெளியில் நிற்க நேரிடுகின்றது. தர விதிப்படி கொள்முதல் நெல்லின் ஈரம் நூற்றுக்கு 17க்கு மேற்படலாகாது. பெருமழை பெய்த வருஷங்களில் இவ்வரம்பு விசேஷ உத்தரவினால் சிறிது தளர்த்தப்பட்டதுண்டு. ஆயினும் அவ்வுத்தரவு வரும் வரையில் நெல் காத்திருப்பதில்லை.

ஒரு கணக்கைக் கவனிப்போருக்கு இதன் முக்கியத்துவம் எளிதில் விளங்கும். நாற்பது கிலோ மூட்டைகள் நூறு, அதாவது நான்கு டன் நெல், நூற்றுக்கு 17 ஈரத்துடன் ஒரு டிரெய்லரில் இருப்பதாகக் கொள்வோம். அந்நெல்லின் ஈரம் 20ஆக உயர்வதற்கு 150 லிட்டர் தண்ணீர் போதும். பத்தடி நீளமும் ஆறரையடி அகலமுமுள்ள வண்டித் தட்டின் மேல் இரண்டரை சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் சரியாக அவ்வளவே. ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் பெய்துவிடக்கூடிய மழை இது. நான்கு மாத உழைப்பு நிராகரிக்கப்படுவதற்கு அந்த ஒரு மணி நேரமே போதுமானது.

தார்ப்பாய் இல்லாமையால் நெல்லை இழப்பவர் இக்காலத்தில் குறைவு. வேளாண்மைத் துறை மானிய விலையில் தார்ப்பாய்கள் வழங்கி வந்துள்ளது. கடைவீதிகளிலும் அவை தாராளமாகக் கிடைக்கின்றன. பாய் இருந்தும் கட்டத் தெரியாமையினாலேயே அநேகர் நஷ்டமடைகின்றனர். நடுவில் குளம்போல் தண்ணீர் தேங்கி, அதன் பாரத்தால் பாய் கிழிவதும், நள்ளிரவில் ஒரு மூலை அவிழ்ந்து விடிவதற்குள் முழுப் பாயும் கந்தலாவதும் கிராமங்களில் வருஷந்தோறும் காணும் காட்சிகள்.

பாயின் வகைகள்

கெட்டியான துணியில் தார் பூசி நீர் புகாமற் செய்ததனால் இதற்கு இப்பெயர் வந்தது. கப்பற்காரரும் ரயில்வேக்காரரும் வெகுகாலம் பயன்படுத்தியது அதுவே. இப்பொழுது விற்பனையாவன மூவகை: மெழுகு முதலியன ஏற்றிய கித்தான்; பாலிதீன் இழைகளை நெய்து இருபுறமும் பாலிதீன் பூசிய இலேசான பாய்; பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசிய கனத்த பாய். கித்தான் சிறிது காற்று வாங்கும், ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடித்து மக்கிவிடும். பாலிதீன் பாய் மலிவானது, மக்காது; எனினும் வெயிலில் நாளடைவில் நொறுங்கிப் பொடியாகும். வாங்கும்பொழுது நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்பதையும், வெயில் தாங்கும் மருந்து சேர்த்ததா என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் ஜி.எஸ்.எம். என்று சொல்வது இவ்வெடையைத்தான். இலேசான பாய் களத்து நெல்லின்மேல் ஓரிரவு போர்த்துவதற்கு உதவும். வண்டியின்மேலும் படகின்மேலும் மாதக்கணக்கில் கிடப்பதற்குக் கனத்த பாயே ஏற்றது.

காற்றின் பலம்

பாயைக் கெடுப்பது மழையன்று, காற்றே. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நான்கு மடங்காகின்றது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகமுள்ள காற்று, எதிர் நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 12 கிலோ பாரத்துடன் தள்ளும். 100 கிலோமீட்டர் வேகமானால் அது 48 கிலோவாகிவிடும். பதினெட்டடிக்குப் பன்னிரண்டடிப் பாய் சுமார் இருபது சதுர மீட்டர் விஸ்தீரணமுள்ளது. அது முழுவதும் பாய்மரப் பாயைப்போல் விரிந்து முந்திய காற்றை ஏற்றால் 240 கிலோவும், பிந்திய காற்றை ஏற்றால் ஏறக்குறைய ஒரு டன்னும் கயிறுகளின்மேல் விழும். நான்கு மூலைகளில் மட்டும் கட்டிய பாய் இதைத் தாங்காது என்பதில் வியப்பில்லை.

அன்றியும், காற்று ஒரு பொருளின்மேல் தாண்டிச் செல்லும்போது மேற்புறத்தை உறிஞ்சித் தூக்குகின்றது. ஓரம் தளர்ந்திருந்தால் அதே காற்று கீழேயும் புகுந்து தூக்கும். மேலிருந்து இழுப்பும் கீழிருந்து தள்ளலும் சேரவே பாய் உப்பி எழும்பி, அடங்கி, மறுபடி எழும்புகின்றது. இவ்வாறு படபடவென்று அடித்துக்கொள்வதுதான் பாயின் முதல் சத்துரு. ஒரே இடத்தில் ஓராயிரம் முறை மடங்கும் துணி அவ்விடத்தில் கிழிகிறது. கண்வளையம் பிய்ந்து போகிறது. டிராக்டரின் வர்ணமும் உராய்ந்து போகிறது. ஆகவே தார்ப்பாய் விஷயத்தில் கவனிக்க வேண்டியது, அது எங்கும் தொய்யாமல் இழுத்து நிற்கிறதா, காற்று நுழைய ஓரத்தில் வாய் திறந்திருக்கிறதா என்னும் இரண்டுமே.

சரிவு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அதன் எடை பத்து கிலோ. இரண்டு மீட்டர் சதுரமான தொய்வில் ஐந்து சென்டிமீட்டர் தேங்கினால் 200 கிலோ. தேங்கத் தேங்கப் பாய் மேலும் தொய்கிறது. தொய்யத் தொய்ய மேலும் தேங்குகிறது. ஆதலால் நடுவில் முகடு அவசியம். பழைய கூண்டு வண்டியின் வளைந்த மூங்கிற்பாய் ஒரு சொட்டுத் தண்ணீரையும் நிற்க விடாதிருந்ததைப் பெரியவர்கள் அறிவர். டிரெய்லரிலும் மூட்டைகளை அடுக்கும்போதே நடு வரிசையை ஒரு மூட்டை உயரமாக வைத்து, அதன்மேல் நீளவாக்கில் ஒரு மூங்கிலைப் படுக்கவைத்தால் முகடு தானே அமையும். மூங்கிலின் நுனிகளில் சாக்கைச் சுற்றிக் கட்டாவிடில் அவையே பாயைக் குத்திவிடும்.

ஒரு பாய் போதாமல் இரண்டு போடுவதானால், கீற்று வேயும் முறையை நினைத்துக்கொள்ள வேண்டும். கூரையில் கீழ் வரிசையை முதலில் வைத்து மேல் வரிசையை அதன்மேல் படியச் செய்வது போல, ஓடும் வண்டியில் பின்பக்கப் பாயை முதலில் விரித்து, முன்பக்கப் பாயை இரண்டடியேனும் அதன்மேல் ஏறும்படி பிறகு விரிக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஓடும் காற்று சந்தில் நுழைந்து பாயை உரித்தெடுத்துவிடும்.

கயிறும் முடிச்சும்

பருத்திக் கயிறும் சணற்கயிறும் நனைந்தால் தடித்து, நீளத்தில் குறுகும். இறுகக் கட்டிய கயிறு மழையில் மேலும் இறுகிக் கண்வளையத்தைப் பிடுங்குவதும், காய்ந்தபின் தளர்ந்து தொங்குவதும் இதனாலேயே. நைலான் கயிறு இதற்கு மாறானது: நனைந்தாலும் பாரம் ஏறினாலும் நீளும். எந்தக் கயிறானாலும் கட்டிய அன்றே ஒருமுறை, முதல் மழைக்குப் பின் ஒருமுறை, மறுபடி இறுக்குவது அவசியம். மலிவான பிளாஸ்டிக் கயிற்றில் முடிச்சு வழுக்கும். முடிச்சுக்குப் பின் ஒரு சாண் தலைப்பு விட்டு, அதையும் ஒரு சுற்றுச் சுற்றிச் செருக வேண்டும்.

லாரிக்காரர் கயிறு கட்டும் முறை யாவரும் கற்கத்தக்கது. ஒரு பக்கக் கொக்கியில் கட்டிய கயிற்றைப் பாரத்தின்மேல் எறிந்து மறுபுறம் கொணர்ந்து, இடுப்பு உயரத்தில் கயிற்றிலேயே ஒரு கண் போட்டு, தலைப்பைக் கீழ்க் கொக்கியில் மாட்டி மேலே கொண்டுவந்து அக்கண்ணில் நுழைத்துக் கீழ்நோக்கி இழுக்கின்றனர். இங்குக் கண்ணும் கொக்கியும் கப்பியைப் போல் உதவுவதால் கையிழுப்பின் பலம் பெருகுகிறது. ஒருவர் இழுத்தே இருவர் இழுத்த இறுக்கம் கிடைக்கும். இவ்விதம் மூன்றடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கயிறுகளும், இரண்டு மூலைவிட்டக் கயிறுகளும் போட்ட வண்டி எந்தச் சாதாரணக் காற்றுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. குறுக்குக் கயிறு பாயை மேலிருந்து அழுத்துகிறது. கண்வளையத்தில் கட்டும் கயிறோ ஓரத்தை மட்டுமே இழுக்கிறது. இவ்வேற்றுமையை அறியாமல் கண்வளையங்களையே நம்புவோர் மிகப் பலர்.

கண்வளையம் பிய்ந்துவிட்டால் பாயை எறிந்துவிட வேண்டியதில்லை. எலுமிச்சம்பழ அளவு வழவழப்பான கூழாங்கல்லைப் பாயின் அடியில் வைத்து, பாயோடு சேர்த்து முடிபோல் பிடித்து, அதன் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டுக் கட்டினால் கண்வளையத்தினும் உறுதியாக நிற்கும். துளை செய்யாததால் அவ்விடம் கிழிவதுமில்லை. கயிற்றுக்கும் கொக்கிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையைச் சேர்ப்பது நல்ல வழக்கம். திடீரென வீசும் காற்றின் உதறலை ரப்பர் வாங்கிக்கொள்ளும். அது வெயிலில் வெடிக்குமாதலால் பருவத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டிரெய்லரின் இரும்பு மூலைகள் உராயும் இடங்களிலெல்லாம் சாக்கு அல்லது டியூப் துண்டை மெத்தையாக வைக்க வேண்டுவது சொல்லாமலே விளங்கும்.

நெல்லின் வியர்வை

பாயை இறுகக் கட்டியதோடு கடமை முடிந்ததென்று இருப்பவர், வேறொரு வழியில் நெல்லை இழக்கின்றனர். அறுத்த நெல்லுக்கும் உயிருண்டு. அது சுவாசித்து வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியிடுகின்றது. ஈரம் அதிகமான நெல் அதிகமாகவே வெப்பமடையும். பாலிதீன் பாய்க்குள் எழும் நீராவி இரவுக் குளிரில் பாயின் அடிப்புறத்தில் துளித்துளியாகக் கோத்து, மேல் வரிசை மூட்டைகளின்மேல் சொட்டுகிறது. வெளியே மழையே பெய்யாதிருந்தும் காலையில் மேல் மூட்டைகள் நனைந்திருப்பது பாய் ஒழுகியதனாலன்று. இரண்டு மூன்று நாள் இப்படியே மூடிக் கிடந்தால் நெல் சூடேறி, நிறம் மாறி, முளை கிளம்பும்.

இதற்குப் பரிகாரம் எளியது. மூட்டைகளின்மேல் ஒரு சாண் கனத்திற்கு உலர்ந்த வைக்கோலைப் பரப்பி அதன்மேல் பாயைப் போட்டால், சொட்டும் நீரை வைக்கோல் குடித்துவிடும். மழை விட்ட பகல்களில் வெயில் ஏறியதும் பாயைப் பக்கவாட்டில் சுருட்டிவிட்டு, பொழுது சாய்ந்து பனி இறங்குமுன் மூடிவிட வேண்டும். மூடுதலைக் காட்டிலும் திறத்தலுக்கே அதிக ஆள் சிரத்தை வேண்டியிருக்கிறது. அலுப்பினால் பலர் இதைச் செய்வதில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பருவந்தவறிப் பெய்த மழை, சம்பா அறுவடைச் சமயத்தில் டெல்டா ஜில்லாக்களில் பெருஞ்சேதம் விளைவித்தது. தையில் மழை வராதென்று பாயைப் பரணில் போடும் வழக்கத்தை இனிக் கைவிட வேண்டியதுதான்.

டிராக்டரும் அறுவடை இயந்திரமும்

இயந்திரங்களைச் சூட்டோடு மூடலாகாது. என்ஜின் ஆறியபின் மூட வேண்டும்; இல்லையேல் பாய் உருகுவதோடு, உள்ளே நீர் கோத்துத் துருவேறும். டிராக்டரின் நிமிர்ந்த புகைக்குழாயில் மழைநீர் இறங்கினால் என்ஜினுக்கே மோசம் உண்டாகும். அதன் வாயில் ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்துப் பிறகு பாய் போடுதல் நலம். பாய் தரை வரையில் தொங்க வேண்டாம். அரையடி இடைவெளி விட்டால் காற்றோட்டம் இருக்கும். தரையைத் தொடும் பாய்க்குள் எலி குடியேறி மின்கம்பிகளைக் கடித்துவைக்கும்.

அறுவடை இயந்திரத்தில் ஒட்டிய வைக்கோற்கூளத்தையும் பதரையும் தட்டி வெளியேற்றிய பின்னரே மூட வேண்டும். கூளம் ஈரத்தைப் பிடித்து இரும்பை அரிப்பது மட்டுமன்று, சூடான பாகங்களின் அருகில் தீப்பற்றவும் கூடும். வெட்டும் அலகின் பற்களைச் சாக்கால் சுற்றாமல் பாய் போடுவது பாயை அறுப்பதற்கே ஒப்பாகும்.

மரத்தடியில் வண்டி நிறுத்தும் வழக்கத்தைப்பற்றி ஒரு வார்த்தை. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகள் தோப்புத்தோப்பாகச் சாய்ந்தன. வெயிலுக்கு நிழல் தரும் தென்னை புயலில் வண்டிக்கு எமனாகிறது. எச்சரிக்கை வந்ததும் இயந்திரங்களை மரங்களினின்று விலகிய மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

படகுகள்

கொள்ளிடத்துத் திட்டுக் கிராமங்களிலும், முத்துப்பேட்டைக் காயலோரத்திலும், கடற்கரை ஊர்களிலும் படகு வைத்திருப்போருக்கு மழையைப்போலவே வெயிலும் பகை. கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த அறுபத்தொரு நாட்களும் ஆண்டின் கொடிய வெயில் நாட்கள். மரப்படகில் பலகைகள் காய்ந்து இணைப்புகள் பிரிகின்றன. ஃபைபர் படகின் மேற்பூச்சு சுண்ணாம்புபோல் வெளுத்து உதிர்கின்றது.

கரையேற்றிய திறந்த படகு ஒரு தொட்டியைப் போன்றது. எட்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமுமுள்ள வாயில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் 1200 லிட்டர், அதாவது ஒன்றேகால் டன்னுக்குச் சற்றுக் குறைந்த பாரம் உள்ளே நிற்கும். இரண்டு கட்டைகளின்மேல் நிற்கும் படகு அப்பாரத்தால் அடி பிளக்கும். ஆதலால் பாய் போடுவதற்கு முன்னரே அடித்துளையின் அடைப்பைக் கழற்றி, படகைப் பின்புறம் சற்றுச் சாய்வாக நிறுத்த வேண்டும். பிறகு முன்னணியத்திலிருந்து பின்னணியம் வரையில் கவட்டைக் கொம்புகளின்மேல் ஒரு மூங்கிலை முகடாக வைத்து, பாயை இருபுறமும் விளிம்புக்குக் கீழே ஒரு முழம் தொங்கவிட்டு, படகின் அடியில் கயிற்றைச் செலுத்தி மறுபுறத்துப் பாயோரத்தோடு இழுத்துக் கட்ட வேண்டும். இருமுனைகளிலும் கையளவு திறப்பு காற்றோட்டத்துக்கு வேண்டும். பாயோரத்தில் மணல் பைகளைத் தொங்கவிடுவது சிலர் வழக்கம். மெல்லிய காற்றில் அது உதவும். பலத்த காற்றிலோ பைகள் ஊசலாடிப் படகின் பக்கங்களை இடிக்கும்.

ஒருபோதும் மறக்கத்தகாதது ஒன்றுண்டு. பாயைப் படகோடு கட்ட வேண்டும். படகைத் தரையோடு தனிக்கயிற்றால் கட்ட வேண்டும். பாயின் கயிறுகளைத் தரையில் அடித்த முளைகளில் கட்டிவைத்தால், வெள்ளம் ஏறும்போது படகு மிதக்க முயலும். பாய் அதை அமுக்கும். ஒன்று பாய் கிழியும், அல்லது படகு கவிழும். வெள்ளம் வரக்கூடிய இடத்தில் அடித்துளையை அடைத்து, நீளக் கயிற்றில் உறுதியான மரத்துடன் பிணைப்பதே சரி. 2022 ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தபோது திட்டுக் கிராமங்களிலிருந்து மக்களைப் படகுகளில் அப்புறப்படுத்த நேர்ந்தது. அத்தகைய ஊர்களில் படகின் பாய் இருட்டிலும் மழையிலும் ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சால் கட்டப்பட்டிருத்தல் அவசியம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதைத் தாமே இழுத்துப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால்

மேற்கூறிய யாவும் பருவமழைக்கும் சாதாரணக் காற்றுக்குமே பொருந்தும். புயலுக்கு விதி வேறு. கரையிலிருக்கும் இலேசான படகின்மேல் முகடு வைத்த பாயை விட்டுவைப்பது, அதற்குப் பாய்மரம் கட்டி அனுப்புவதற்குச் சமானம். துறைமுகத்தில் புயல் கூண்டின் எண் உயர்ந்து, அப்பகுதிக்கே ஆபத்து என்று தெரிந்தபின், பாயையும் மூங்கிலையும் கழற்றி வீட்டில் வைத்து, என்ஜினையும் வலையையும் அப்புறப்படுத்தி, படகை நான்கு திசைகளிலும் ஆழ்ந்த முளைகளில் பிணைக்க வேண்டும். காலி டிரெய்லருக்கும் பாய் வேண்டியதில்லை. நெல் ஏற்றிய டிரெய்லரானால் எப்பாடுபட்டும் கூரையுள்ள கட்டடத்துக்குள் கொண்டுபோவதே வழி.

நான்கு திசை என்று சொல்வதற்குக் காரணமுண்டு. நம் பாகத்தில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. மேற்கு நோக்கிவரும் புயலின் மையம் ஓர் ஊரின்மீது கடந்தால், முதலில் வடக்கிலிருந்து காற்று வீசி, நடுவே திடீரென ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து அதே வேகத்துடன் அடிக்கும். மையத்துக்கு வடக்கேயுள்ள ஊர்களில் காற்று வடகிழக்கிலிருந்து கிழக்காகி, பின் தென்கிழக்காகும். வடபுறம் மட்டும் கயிறு கட்டியவர் முதல் பாதியில் தப்பி இரண்டாம் பாதியில் இழக்கின்றார். நடுவில் வரும் அமைதியைப் புயல் முடிந்ததாக எண்ணிப் படகைப் பார்க்க வெளியே செல்வதனால் உயிருக்கே அபாயம் நேரும். அவ்வேளையில் ஒருவரும் கரைக்குப் போகாதபடி கிராம உத்தியோகஸ்தர்கள் தடுக்க வேண்டும்.

பாயைப் பேணுதல்

பருவம் முடிந்ததும் பாயைச் சேறு போகக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒரே மடிப்பில் வருஷந்தோறும் மடிக்காமல் கோரைப்பாயைப்போல் சுருட்டி, உயரத்தில் தொங்கவிட வேண்டும். பாலிதீன் பாயின் சிறு கிழிசலை இருபுறமும் ஒட்டுத்துணி வைத்து ஒட்டலாம். கித்தானைத் தைத்து மெழுகு தேய்க்கலாம். ஆவணி மாதத்தில் ஒரு நாள் பாயை வெயிலில் விரித்து, அதன் அடியில் நின்று மேலே பார்த்தால் துளைகள் நட்சத்திரம்போல் தெரியும். அவற்றைச் சாக்கட்டியால் வட்டமிட்டு அன்றே அடைத்துவிட்டு, கயிறுகளையும் எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். கிராமப் பொதுக் கட்டடங்களில் வெள்ள காலத்துக்கென வைத்திருக்கும் பாய்களையும் படகுப் பாய்களையும் உத்தியோகஸ்தர்கள் அதே மாதத்தில் இவ்வாறே விரித்துப் பார்த்து, குறைவானவற்றுக்கு முதல் மழைக்குமுன் எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.